ஒப்புப் பிள்ளை

வித்தியாசம் பூஜ்யம்.

ஜீப் மலையில் வளைந்து வளைந்து ஏறிய வழி முழுக்க எஸ்தர் டேப்லெட் திரையில் பார்த்துக்கொண்டே வந்தது அந்த ஓர் எண்ணைத்தான். ஓட்டுநர் இரண்டு முறை "வாந்தி வருதாங்க மேடம்?" என்று கேட்டுவிட்டார். வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தும்பிக்கல் மலைக்கிராமத்துப் பள்ளியில் கடுவர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் படித்தார்கள். முதல் வகுப்பில் எல்லாம் அவர்களுடைய கடுவு மொழியில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் கலந்து, மூன்றாம் வகுப்பு முடியும்போது இரண்டிலும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பயன் உண்டா என்று அளந்து சொல்வது எஸ்தரின் வேலை. அளந்தாயிற்று. அடுத்த வாரம் அரசுக் குழு கூடுகிறது. பூஜ்யத்தைப் பார்த்ததும் கடுவு வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளை அடிவாரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாதி வாசலிலேயே நின்றிருந்தாள். கடுவர்களில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அவள். அந்தப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை. அவளுடைய மகள் மசணியும் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி.

"முகம் ஏன்க்கா இப்படி இருக்குது? வண்டி ஒத்துக்கலீங்களா?"

"வண்டி இல்ல மாதி. ரிசல்ட்டு."

பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு இருவரும் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். விஷயத்தை எஸ்தர் ஒரே வரியில் சொல்லி முடித்தாள். மாதி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஒப்புப் பிள்ளை விஷயத்தை இன்னொருக்கா சொல்லுங்கக்கா. மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சொன்னப்ப நான் தலையை ஆட்டிட்டேன். பாதிதான் மண்டையில ஏறுச்சு."

எஸ்தருக்குப் பயத்திலும் ஒரு பலவீனம் உண்டு. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பயம் ஓரமாகப் போய் நின்றுகொள்ளும்.

"மசணி இப்ப நல்லா வாசிக்கிறா. ஆனா அது கடுவுல படிச்சதாலயா, இல்ல பொறவியிலயே அவ கெட்டிக்காரியா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களோட வச்சுப் பாக்கலாம்."

"பக்கத்து ஊருக்கு பஸ் வருது, இங்க வரலை. அங்க யானைத் தொந்தரவு இல்ல, வருஷம் பூரா பள்ளிக்கூடம் நடக்குது. ரெண்டு ஊருக்கும் மார்க்குல வித்தியாசம் வந்தா அதுக்கு யார் காரணம்? கடுவா, பஸ்ஸா, யானையா?"

"யானை மேலயே போட்டிருங்க. அது வந்து வக்கீல் வைக்காது."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. "சரியா ஒப்பிடணும்னா அதே மசணி வேணும் மாதி. ஒரு மசணி கடுவுல படிக்கணும், அதே நேரத்துல இன்னொரு மசணி வெறும் தமிழ்ல படிக்கணும். ஒரு பிள்ளை ரெண்டு வாழ்க்கை வாழ முடியாது. அதனாலதான் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அவ சட்டையில மைக் மாட்டினோம். அவ எப்படிப் பேசுறா, எதுல தப்புப் பண்றா, எதைக் கேட்டா ரெண்டாவது கேள்வி கேக்குறா, எல்லாத்தையும் வச்சு மெஷினுக்குள்ள ஒரு மசணியைச் செஞ்சோம். அஞ்சு வயசு மசணி. இந்த மசணி உங்ககிட்ட வந்தா. அந்த மசணி மெஷினுக்குள்ள தமிழ் மட்டுமே பேசுற ஒரு டீச்சர்கிட்டப் போனா. மூணு வருஷப் பாடம் முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சை. மார்க்குல எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் உங்க திட்டத்தோட பலன்."

"ரெண்டு பேரும் ஒரே மார்க்கு."

"பத்தொன்பது பேரும் அப்படித்தான்."

"அப்ப, பாஷை தெரியாத வகுப்புல கொண்டுபோய்ப் போட்டாலும் எங்க பிள்ளைங்க தானாப் படிச்சிரும்னு ஆகுது."

"குழு அப்படித்தான் எடுத்துக்கும்."

"நான் படிக்கலையே அக்கா." மாதியின் குரல் உயரவில்லை. "அடிவாரத்து விடுதியில மூணு வருஷம் கடைசி பெஞ்சு. என்னை ஊமைன்னு எழுதி வச்சிருந்தாங்க. காது டாக்டர்கிட்டக்கூட கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் எப்படியோ தேறினேன், அது வேற கதை. அந்த மெஷின் பிள்ளைங்க மட்டும் எப்படிப் படிச்சாங்க?"

அதுதான் எஸ்தருக்கும் புரியவில்லை. வந்ததே அதற்காகத்தான். "உள்ள அவங்க பேசினதெல்லாம் பதிவாகியிருக்கு. எங்க ஆபீஸ்ல கடுவு தெரிஞ்சவங்க யாருமில்ல. மார்க்கைத்தான் பார்த்தோம். யாரும் உக்காந்து கேக்கலை."

டேப்லெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். முதலில் ஒரு தமிழ்ப் பாடம். இனிமையான, நிதானமான ஆசிரியைக் குரல். ஒப்புப் பிள்ளைகளிடமிருந்து சத்தமே இல்லை. மாதி உதட்டைக் கடித்தபடி கேட்டாள். அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானதுதான். பிறகு மணி அடித்தது. உண்மையான வகுப்பில் இடைவேளை உண்டு என்பதால் மெஷினுக்குள்ளும் இடைவேளை வைத்திருந்தார்கள்.

மணி அடித்ததும் ஒரே இரைச்சல். பத்தொன்பது குரல்களும் கடுவில்.

மாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த கண்ணிலேயே நீர் முட்டியது.

"காது இறக்குறாங்கக்கா."

"என்னது?"

"எங்ககிட்ட ஒரு வழக்கம். புதுசா ஏதாவது கேட்டா, விளக்கு வைக்கிறதுக்குள்ள அதை இன்னொருத்தருக்குச் சொல்லிடணும். சொல்லலைன்னா காது கனத்துப் போயிரும்பாங்க. தலைச்சுமையை இறக்குற மாதிரி. காட்டுல எந்தப் பக்கம் யானை நிக்குதுன்னு ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? அதுக்கு வந்த பழக்கமா இருக்கும். மசணிக்கு ரெண்டு வயசுல இருந்தே அதான் வேலை. சாயங்காலமானா என் மடியில வந்து உக்காந்து அன்னைக்குக் கேட்டதையெல்லாம் கொட்டிடுவா." டேபைக் காட்டினாள். "பாருங்க, இது எங்க பசவன். 'டீச்சர் சொன்ன அந்த வார்த்தைக்குப் பாதின்னு அர்த்தம்டா, ரொட்டியப் பிக்கிற மாதிரி'ங்கறான். ஒருத்தனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் கடுவுல சொல்லிடறாங்க. வகுப்புல உக்காந்தது சும்மா. படிச்சதெல்லாம் இடைவேளையில."

எஸ்தர் சுவரில் சாய்ந்தாள். மைக்கில் சிக்கிய சாயங்காலங்கள். அந்தச் சாயங்காலங்களிலிருந்து செய்த பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்? கடுவு இல்லாத வகுப்பு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்ததாக அவள் நினைத்திருந்தாள். அதற்குள் பிள்ளைகளே ஒரு கடுவுப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எழுத இருந்தாள்.

உடனே தயாபரனுக்குப் போன் போட்டாள். அவர்தான் மதிப்பீட்டு மையத்தின் இயக்குநர். கேட்டதும் அவர் குரல் மலர்ந்துவிட்டது.

"அருமை எஸ்தர். கலப்படம் ஆகியிருக்கு, அவ்வளவுதானே. எளிசு. சேர்த்து வச்சதுதான் தப்பு. ஒரு ஒப்புப் பிள்ளையைத் தனியா வச்சு மெஷினை ஓட்டுங்க. வகுப்புல அவ மட்டும், டீச்சர் மட்டும். இடைவேளையில காலி மைதானம். வித்தியாசம் மலை மாதிரி வரும் பாருங்க. ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூடப் போதும், குழுவை நிறுத்தி வச்சுடலாம்."

"சார், மூணு வருஷம் தனியாவா?"

"நமக்கு ரெண்டு மணி நேரம்தானே. புது ஓட்டம்னா பெற்றோர் வாய்மொழிச் சம்மதம் வேணும். அந்த டீச்சரோட பொண்ணையே எடுத்துக்கோங்க. அவங்கதான் சட்டுனு புரிஞ்சுப்பாங்க."

போனை வைத்துவிட்டு எஸ்தர் மாதியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போதே உள்ளே ஒரு நிம்மதி ஊறியது. மாதி மாட்டேன் என்பாள். எந்தத் தாய் சரி என்பாள்? அப்புறம் எஸ்தர் முடிவெடுக்க வேண்டியதில்லை.

"அவளுக்குப் பயமா இருக்குமாக்கா?"

"பயப்படுற மாதிரி பேசும். உள்ள பயப்படுதான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எனக்கு இவ விஷயத்துலயும் அப்படித்தானே." மாதி சன்னல் வழியே வகுப்பைப் பார்த்தாள். "பயமா இருக்குன்னு அழுவா. உள்ள என்னன்னு நான் என்னத்தைக் கண்டேன். அழுகையைத்தான் நம்புறேன்."

"வேண்டாம்னா வேண்டாம் மாதி. நான் வேற வழி பாக்குறேன்."

"வேற வழி இருக்குதா?"

எஸ்தர் டேபில் குழு கூடும் தேதியைப் பார்த்தாள்.

"பத்தொன்பது பேரும் விடுதிக்குப் போவாங்க. அடுத்த வருஷம் இன்னும் ஏழு பேர். அதுக்கடுத்த வருஷம்..." மாதி நிறுத்தினாள். "நான் அந்தப் பெஞ்சுல உக்காந்து வந்தவதானே. நான் சாகலையே. இவளும் உக்காரட்டும். பேரைச் சொல்லணுமா? எங்க சொல்லணும்?"

எஸ்தரின் கை டேபை நீட்ட மறுத்தது. மாதியே எடுத்துக்கொண்டாள். ஊர், பேர், மகள் பேர், சம்மதம். நாலே வார்த்தை. பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எஸ்தர்தான் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

திரையில் ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. முதல் வகுப்பு, முதல் பருவம். எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மாதி தமிழ் மாதங்களைச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். ஆடி வந்தபோது கோடு முதல் வகுப்பைத் தாண்டியிருந்தது.

கதவில் மசணி எட்டிப் பார்த்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அதனால் சொல்லுக்குச் சொல் காற்று சீறியது.

"சாக்பீசு வேணுமாம். அம்மா கேட்டா."

"வகுப்புல டீச்சர்னு சொல்லணும்னு அம்மா சொல்லலையா?"

"டீச்சர்னா திட்டுவா. அம்மான்னா கொஞ்சமாத்தான் திட்டுவா." அவள் பார்வை டேபுக்குப் போனது. "அதுல என்ன ஓடுது?"

"கணக்கு."

"யார் போடுறா?"

எஸ்தர் சாக்பீஸ் டப்பாவை அப்படியே தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு முடிவு வந்தது. எஸ்தர் மூன்று முறை பார்த்தாள். மாதி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு?"

"அதே மார்க்கு. மறுபடியும் வித்தியாசம் இல்ல."

"தனியா வச்சுமா? யார்கிட்டச் சொன்னா?"

பதிவை முதலிலிருந்து ஓட்டினார்கள். முதல் வாரத்தில் மசணி அழுதாள். மாதி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் கேட்டாள். பிறகு மசணி காலி மைதானத்தில் சுவரோடு பேசினாள். சுவர் கேட்டுக்கொண்டது, ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பாடம் முடிந்ததும், அந்த மெஷின் டீச்சரிடமே கடுவில் ஆரம்பித்தாள். மாதி மெல்ல மொழிபெயர்த்தாள்: "நீ கேளு. இன்னைக்கு என்னாச்சுன்னா, ஒரு டீச்சர் வந்து மழையைப் பத்திச் சொன்னாங்க."

டீச்சர் சொன்ன பாடத்தை டீச்சருக்கே சொல்கிறாள்.

"தமிழில் சொல்லு," என்றது இனிமையான குரல்.

"அவங்களுக்குக் கோவமே வரலை," என்று கடுவில் தொடர்ந்தாள் மசணி. "ஆனா நான் சொல்றது ஒண்ணும் புரியலை, பாவம்."

எஸ்தர் பதிவை முன்னே தள்ளித் தள்ளி ஓட்டினாள். தினமும் நடந்திருக்கிறது. அந்த மெஷின் டீச்சரை இயக்கிய நிரல் புது வகை. மாணவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்வது. தமிழ்ப் பாடம் நன்றாகப் போகட்டும் என்றுதான் அப்படிச் செய்திருந்தார்கள். முதல் பருவத்தின் முடிவில் அது ஒரு கடுவுச் சொல்லைத் திருப்பிச் சொன்னது. மசணி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் வருடத்தில் கேள்வி கேட்டது. மூன்றாம் வருடத்தில் இருவரும் கடுவில் சண்டையே போட்டார்கள்.

"காலு மொளைச்ச நாளா இதைத்தான் பேசுற மாதிரி பேசுதே," என்றாள் மாதி. அவள் முகத்தில் பெருமை வந்தது, உடனே போனது. "மூணு வருஷமாக்கா அவளுக்கு இது ஒண்ணுதான் துணை?"

அன்றிரவே எஸ்தர் அறிக்கையை எழுதி முடித்தாள். இத்திட்டம் இல்லாத நிலையை எங்களால் உருவாக்க முடியவில்லை. எங்கே வைத்தாலும் பிள்ளைகள் அதைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆகவே திட்டம் தொடர வேண்டும். இரண்டு பதிவுகளையும் இணைத்து அனுப்பினாள். தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே நேர்மையான அறிக்கை இதுதான் என்று நினைத்தாள்.

குழு அதை முழுக்கப் படித்தது. அதுதான் வினையாயிற்று.

மழைக்காலம் முடிந்து எஸ்தர் மறுபடி மலையேறியபோது ஜீப்பின் பின்னால் ஒரு பெட்டி இருந்தது, ரேடியோ அளவுக்கு. திட்டம் தொடரும் என்று ஆணை வந்துவிட்டது. தும்பிக்கல்லில் மட்டுமல்ல, முப்பது கடுவர் குடியிருப்புகளிலும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடுவு தெரிந்த ஆசிரியர் கிடைத்ததே இல்லை. இனிக் கிடைப்பார். கடுவு பேசும் டீச்சர் நிரல் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறதே. மாதியின் பணியிடம் மார்ச்சோடு முடிகிறது. விரும்பினால் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளராக இருக்கலாம்.

ஆணையை மாதி வாசித்து முடித்தபோது எஸ்தர், "இதை நான் நெனச்சே பாக்கலை மாதி," என்றாள்.

"நல்லதுதானேக்கா. மேல்காட்டுப் பிள்ளைங்களுக்கு இத்தனை நாள் யாரு இருந்தா?" அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். அதனாலேயே எஸ்தரால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

பெட்டியை வகுப்பில் வைத்து இயக்கினார்கள். அது கடுவில் வணக்கம் சொன்னதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மசணி மாதிரியே பேசுது."

"பல்லு விழுந்த மசணி."

எஸ்தருக்கும் கேட்டது. மெஷினுக்குள் எட்டு வயதான மசணிக்கும் பல் விழுந்திருக்கிறது. அந்தச் சீறலோடுதான் டீச்சர் கடுவு கற்றிருக்கிறார். நிஜ மசணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் அப்படிப் பேச மாட்டேன்," என்றாள், காற்று சீற.

மாதி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாடம் முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் எஸ்தரைப் பின்னறைக்கு அழைத்தாள்.

"நல்லாத்தான் சொல்லுது. சில இடத்துல வாய் கொழறுது, சரியாப் போயிரும். இதையும் அளப்பீங்களாக்கா?"

"அளக்கணும்."

"இதுக்கு ஒப்பு யாரு?"

எஸ்தர் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்த விஷயம் அது. "நீங்கதான். உங்களை மாதிரி ஒண்ணைச் செஞ்சு, மெஷினுக்குள்ள பாடம் எடுக்க வைப்போம். பெட்டி நல்லாச் சொல்லித் தருதா, நீங்களான்னு. உங்க சம்மதம் வேணும்."

"யாருக்குப் பாடம் எடுப்பேன்?"

"அதே ஒப்புப் பிள்ளைங்களுக்கு."

மாதி விரலால் மேசையைத் தேய்த்தாள். "மசணி இருப்பாளா?"

"இருப்பா."

"தனியா இருந்தாளே, அவளா?"

இந்தக் கேள்வியை எஸ்தர் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் விளக்க வேண்டியதை விளக்கினாள். "இல்ல மாதி. ஒப்பீடு நியாயமா இருக்கணும்னா எல்லாரும் ஒரே இடத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதனால எல்லாரையும் அஞ்சு வயசுக்குத் திருப்பிடுவோம். எதுவும் படிக்காத மசணி."

"அப்ப அந்த மூணு வருஷக்காரி?"

"நிறுத்தி வச்சிருக்கோம். கடைசிப் பாடம் முடிஞ்ச இடத்துல. புது ஓட்டம் ஆரம்பிச்சா அவ மேலதான் எழுதும்."

"அழிஞ்சிருவா."

"ஆமா."

வகுப்பில் பெட்டி ஏதோ கேட்க, பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். மாதி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அஞ்சு வயசுக்காரி எனக்கு வேண்டாம்க்கா. அவளை நான் வளத்துட்டேன், வெளியில உக்காந்து பாடம் படிக்குது பாருங்க. நான் சம்மதம் சொல்லித்தானே அவளை அங்க உக்கார வச்சீங்க? அவகிட்ட என்னை அனுப்புங்க. அப்படின்னா பேரைச் சொல்றேன். இல்லைன்னா சொல்ல மாட்டேன்."

"அப்படிச் செஞ்சா கணக்கு கெட்டுடும் மாதி. ஒருத்தி மட்டும் மூணு வருஷம் படிச்சவளா இருப்பா. என்ன மார்க்கு வந்தாலும் அதுக்கு அர்த்தமே இருக்காது. பெட்டியைவிட நீங்க மேலன்னு காட்டி உங்க வேலையைக் காப்பாத்த அந்த மார்க்கு ஒண்ணுதான் இருக்கு. ஜெயிச்சாலும் செல்லாது."

"தெரியுது. நீங்கதானே அன்னைக்கு யானை, பஸ்ஸு எல்லாம் சொன்னீங்க."

எஸ்தர் டேபைத் திறந்தாள். ஒப்புப் பிள்ளை மசணி. தொடங்கும் வயது: ஐந்து. இருபது வருடமாக ஒப்பீடு செய்து பிழைப்பவள் அவள். எதைத் தொட்டால் எது கெடும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. தயாபரன் என்ன கேட்பார், அதற்குத் தான் என்ன சொல்ல முடியாமல் நிற்போம் என்பதும் தெரிந்தது.

ஐந்தை அழித்துவிட்டு எட்டு என்று போட்டாள்.

"பேரைச் சொல்லுங்க மாதி," என்று டேபை அவள் பக்கம் நகர்த்தினாள்.